பூட்டின வீடுகளில் ஒன்று

இந்த ஒக்டோபர்வரை ஐந்து மாதமாக என் வீட்டு முன்கதவைத் திறக்கும் இலக்கம் எனக்குத் தெரியாது. பாரிஸில் இருக்கும் என் மகள் றொஷேலுக்குத் தெரியும். மன்னார் டவுனில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, மகளுக்காக வீட்டு அலுவல் பார்த்துவிட்டுப் போகும் துஷாந்தனுக்குத் தெரியும். அந்த மாதம் பிளேனில் வந்து இறங்கிய ஜேர்மன்காரனுக்கும் அவன் பெண்சாதிக்கும் தெரியும். பேசாலையில் அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டி, கல் சுமந்து, முதிரை மரத்தில் கதவு போட்ட பஸ்ரியன் எனக்கு மட்டும் தெரியாது.

முன்பு திறப்பு இருந்தது, பூட்டுக்குள் விட்டுத் திருப்புகிற இரும்புத் திறப்பு. சண்டைக் காலத்தில் மடு மாதா கோயிலுக்கு ஓடியபோதும் அது என் இடுப்பில்தான் இருந்தது. திரும்பி வந்தபோது கூரை இல்லை, யன்னல் இல்லை. கதவு நின்றது, நான் திறந்துதான் உள்ளே போனேன். இப்போது கூரை இருக்கிறது, ஏசி இருக்கிறது, குளிக்கிற இடத்தில் சுடுதண்ணீர் வருகிறது. திறப்பு இல்லை. அதற்குப் பதிலாகக் கதவில் பத்துப் பொத்தான் வைத்த ஒரு கறுப்புப் பெட்டியைப் பூட்டினார்கள்.

என் பெண்சாதி மார்த்தா மாசியில் செத்தாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மகள் திரும்பிப் போகுமுன் இந்தக் கதையைத் தொடங்கினாள். வெளிநாட்டில் இப்போது ஒருவரும் ஹோட்டலில் தங்குவதில்லையாம். ஹோட்டலில் அவன் தருவதைத் தின்ன வேண்டும், அவன் சொல்லும் நேரத்தில் எழும்ப வேண்டும். வீட்டை நாள் வாடகைக்கு எடுத்தால் தாங்களே சமைக்கலாம், மீன் வாங்கலாம், ஊர்ச்சனம் மாதிரி இருக்கலாம். மன்னாருக்குப் பூநாரை பார்க்க எத்தனையோ பேர் வருகிறார்கள், நல்ல வீடு இல்லை என்று திரும்புகிறார்கள் என்றாள்.

"அம்மா இல்லாத வீட்டில நீங்கள் தனிய கிடந்து விழுந்தா ஆரப்பா பாக்கிறது? ஆக்கள் வந்து போனா வீடும் உயிரோட இருக்கும்."

நான் அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பெண்சாதியைப் புதைத்த மண் காயவில்லை, வாய் வரவில்லை. ஓம் என்றேன். அந்த ஓம் எனக்கு என்ன செய்தது என்று கேளுங்கள். ஊர்ச்சனம் மாதிரி இருக்க வருகிறவர்களுக்காக ஊர்ச்சனத்தைத் தூக்கிப் பின்னால் போட்டார்கள். பழைய அடுப்படிக்குப் பக்கத்தில் விறகு வைத்த அறைக்கு வெள்ளை அடித்து, அங்கே என் கட்டில். இயேசுவின் திரு இருதயப் படத்தையும் கழற்றி, போர்வையில் சுற்றி என் கட்டிலுக்குக் கீழே வைத்தார்கள். சுவர் வெறுமையாக இருந்தால்தான் போட்டோவில் வடிவாம். முற்றத்தில் கருவாடு காயப் போடக்கூடாது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்பக்கம் வரக்கூடாது. வெற்றிலை துப்பக்கூடாது. இதையெல்லாம் துஷாந்தன் ஒரு மட்டையில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தான். எனக்குத்தான் வாசிப்பு அவ்வளவு ஓடாதே.

முதல் வந்தவர்கள் இருந்தபோது, இலக்கம் எனக்கும் தெரிந்திருந்தது. மார்த்தா ஒவ்வொரு நாளும் பின்னேரம் விளக்கு வைத்த மூலையில் நானும் ஒரு மெழுகுதிரி வைப்போம் என்று உள்ளே போனேன். அந்த மனுசி குளித்த ஈரத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்று கத்தினாள். அதற்குப் பிறகு ஆள் மாற மாற இலக்கத்தையும் மாற்றினார்கள். எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் வீட்டுக்குள் போக நான் கேட்பதா?

இனிச் சுரூபக் கதைக்கு வருகிறேன்.

ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் பகுதியில் மாதா சுரூபம், இரண்டு கையால் தூக்கும் அளவுச் சிலை, வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு இரவு. பின்னேரம் செபமாலை சொல்லி, விடிய விடிய விளக்கு எரித்து, அடுத்த நாள் பின்னேரம் அந்த வீட்டாரே அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போய்க் கொடுப்பார்கள். இடையில் நிலத்தில் வைப்பதில்லை. வந்த வழியே திருப்பிக் கொண்டு போவதும் இல்லை. பூட்டிக் கிடக்கும் வீடென்றால் அந்தப் படலையைத் தாண்டிப் போய்விடும். தாண்டிப்போன வீட்டை அதற்குப் பிறகு ஒருவரும் வீடென்று கணக்கெடுக்க மாட்டார்கள். 'பூட்டின வளவு' என்று சொல்லுவார்கள். ஆடு கட்டுவார்கள்.

மகள் ஆவணியிலேயே கேட்டாள். மாதா எங்கள் வீட்டுக்கு எத்தனையாம் திகதி வருவா, அந்த நாளைக்கு ஆள் போடாமல் மறித்து விடுகிறேன் என்றாள். நான் விரல் விட்டு வீடுகளை எண்ணினேன். இருபத்துநாலு என்றேன். அவளும் இருபத்துநாலை மறித்து விட்டாள்.

பிழை என்னுடையதுதான், அதை மறைக்க மாட்டேன். நான் எண்ணியது எனக்குத் தெரிந்த வீடுகளை. கோயில் மூப்பர் சவிரியான் எண்ணியது ஆள் இருக்கும் வீடுகளை. இந்த ஒரு வருடத்துக்குள் ஐந்து வீட்டுக்காரர் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று வீடு கனடா, ஒன்று லண்டன், ஒன்று கொழும்பு. ஐந்து வீடு கழிந்தால் ஐந்து நாள் முந்தும். எங்கள் முறை பத்தொன்பதாம் திகதி என்று ஞாயிறு பூசைக்குப் பிறகு மூப்பர் சொன்னார். பதினெட்டில் இருந்து இருபத்தொன்றுவரை ஜேர்மன்காரர்.

மகளுக்கு எடுத்துச் சொன்னேன். வருகிறோம் என்று உறுதி செய்தவர்களை இப்போது மறித்தால், இன்ரநெற்றில் போட்டு ஆள் பிடித்துத் தரும் கொம்பனிக்காரன் எங்கள் வீட்டைப் பட்டியலின் அடியில் போட்டுவிடுவான், பிறகு ஒருவரும் வரமாட்டார்கள் என்றாள். சுரூபத்தை அன்றைக்கு றஞ்சிதா வீட்டிலேயே இன்னொரு இரவு வைக்கலாம்தானே என்று கேட்டாள். றஞ்சிதா எங்களுக்கு முந்தின வீடு, விதவை, நல்ல மனுசி. நான் போய் மூப்பரிடம் கேட்டேன். கேட்கவே எனக்கு நாக்குக் கூசியது.

"பஸ்ரியண்ணை, ஒரு வீட்டில ரெண்டு இரவு வைக்கிற வழக்கம் இல்லை. உங்கட கதவு திறந்திருந்தா வருவம். பூட்டியிருந்தா அங்கால போவம். எனக்கு வேற என்ன செய்யேலும்?"

என் வீட்டைப் பூட்டின வீடு என்று ஆராவது சொன்னால் பல்லைக் கழற்றுவேன் என்றேன். மனுசன் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

துஷாந்தனைப் பிடித்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, ஜேர்மன்காரர் அன்றைக்குத் தலைமன்னாருக்கு மணல்திட்டும் பறவையும் பார்க்கப் போகிறார்கள், இருட்டித்தான் வருவார்கள், தானே ஆறு மணிக்கு வந்து கதவைத் திறந்து விடுகிறேன், அவர்களோடும் கதைத்து வைக்கிறேன் என்றான். தேவாலயத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணடா என்றேன். தான் சைவ சமயம் என்றான். அப்போதே எனக்குத் தெரியும், வரமாட்டான் என்று.

பத்தொன்பதாம் திகதி நாலு மணிக்கே குளித்து, வெள்ளை வேட்டி கட்டினேன். கடலை அவித்தேன். பின்னேரத்து மழைமூட்டம். ஜேர்மன்காரரின் வான் இருட்டித்தான் திரும்பும் என்று நினைத்துக்கொண்டு ஐந்தரைக்கு முன்கதவடியில் நின்றேன். ஆறு மணி. துஷாந்தன் இல்லை. எடுத்தால் மணி அடித்து அடித்து நிற்கிறது. ஆறேகாலுக்குப் பாட்டுச் சத்தம் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது.

நாற்பது பேர் இருக்கும். முன்னுக்கு றஞ்சிதா, இரண்டு கையாலும் சுரூபத்தை நெஞ்சோடு அணைத்தபடி. பின்னால் மெழுகுதிரிகள். படலையைத் தாண்டி முற்றத்துக்கு வந்தார்கள். பாட்டு முடிந்தது. எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். கதவு பூட்டிக் கிடந்தது. அந்தக் கறுப்புப் பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது.

"திறவுங்கோவன் அண்ணை, கை நோகுது," என்றாள் றஞ்சிதா.

நான் திறக்கத் தெரியாமல் நின்றேன். எழுபத்துநாலு வயதில், வெள்ளை வேட்டியோடு, ஊர் முழுக்கப் பார்க்க, என் கதவடியில் பிச்சைக்காரன் மாதிரி நின்றேன். பின்னால் ஆரோ மெதுவாக, "அங்க ஹோட்டலில இலக்கம் வேணுமாம்" என்று சொல்ல இரண்டு பெண்டுகள் சிரித்தது காதில் விழுந்தது. அது ஆரென்று எனக்குத் தெரியும். அவள் வீட்டு விசேசத்துக்கு இனி நான் போகமாட்டேன்.

மகளுக்கு எடுத்தேன். அவள் வேலையில் இருந்தாள். இலக்கத்தைச் சொல் என்றேன். ஆக்களின் சாமான் உள்ளே இருக்கிறது, அவர்களைக் கேட்காமல் சொல்லக்கூடாது, இது சட்டமப்பா என்றாள். கொஞ்சம் பொறுங்கோ, அவைக்கு எழுதிக் கேட்கிறேன் என்றாள். எத்தனை நேரம் பொறுப்பது? றஞ்சிதா சுரூபத்தை ஒரு தோளில் இருந்து மற்றத் தோளுக்கு மாற்றிச் சாய்த்தாள். விறாந்தைக் கதிரையில் வையுங்கோ என்று ஒருத்தன் சொன்னான். நான் விடவில்லை. மாதாவை வெளியில் வைத்து வழியனுப்ப நான் என்ன தேத்தண்ணிக் கடையா வைத்திருக்கிறேன்?

மூப்பர் வானத்தைப் பார்த்தார். ஒரு துளி விழுந்தது. "அப்ப அடுத்த வீட்டுக்குப் போவம், பிள்ளையள்," என்றார்.

றஞ்சிதா திரும்பினாள். ஒரு அடி எடுத்தும் வைத்தாள்.

நான் பின்னால் போய் விறகு கொத்தும் கோடரியை எடுத்து வந்தேன். கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டேன், அணைக்கத் தெரியவில்லை. ஒருவரும் மறிக்கவில்லை. வெட்டுப் பக்கத்தைத் திருப்பி, பின்பக்கத்தால் அடித்தேன். மரத்தில் படாமல், பெட்டியில் மட்டும். என் கதவுக்கு ஏன் அடிக்க வேண்டும், அது என்ன செய்தது? மூன்றாம் அடியில் பெட்டி வாயைப் பிளந்தது. நாலாம் அடியில் கதவு விட்டுக் கொடுத்தது.

சட்டைப்பைக்குள் இருந்து மகளின் குரல் வந்துகொண்டிருந்தது. "அப்பா, என்ன சத்தம்? என்னப்பா செய்யிறியள்?"

கைபேசியை எடுத்து வாயடியில் வைத்துச் சொன்னேன். "வீட்டைத் திறக்கிறன்."

சுரூபம் உள்ளே போனது. மேசையில் ஜேர்மன்காரரின் தூரக்கண்ணாடியும் வாழைப்பழமும் ஒரு பெரிய படப் புத்தகமும் கிடந்தன. அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கினோம். நான் கட்டிலுக்குக் கீழே இருந்த திரு இருதயப் படத்தைக் கொண்டு வந்து பழைய ஆணியில் மாட்டினேன். ஆணியைக் கழற்ற மறந்திருந்தார்கள். மூப்பர் செபமாலையைத் தொடங்கினார்.

செபமாலையின் நாலாம் காரணிக்கம், நாலாம் பத்து மணி, சொல்லும்போது வான் வந்து நின்றது.

அந்த மனுசன் வாசலில் நின்று உடைந்த பூட்டைப் பார்த்தான், பிறகு உள்ளே முழங்காலில் நிற்கும் சனத்தைப் பார்த்தான். மனுசி தன் படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். அது மூடியே இருந்தது, நான் முதலே மூடி வைத்தேன். எனக்கும் மரியாதை தெரியும். மனுசன் ஏதோ கேட்டான். மூப்பர் செபத்தை நிறுத்தாமல் ஒரு கையை உயர்த்தி, "வெயிட், வெயிட்" என்றார். அவர்கள் விறாந்தையில், மழைச் சாரலில், செபமும் பாட்டும் முடியும்வரை நின்றார்கள். றஞ்சிதா கடலை கொண்டு போய்க் கொடுத்தாள். மனுசி வாங்கவில்லை. மனுசன் வாங்கித் தின்றுகொண்டே பூட்டைப் படம் எடுத்தான். சனம் கலைந்ததும் இருவரும் தங்கள் பெட்டிகளைக் கட்டினார்கள். சுரூபத்துக்கு முன்னால் விளக்கோடு நான் விடியும்வரை இருக்கப் போகிறேன் என்று சைகையில் காட்டினேன். டவுனில் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். போகட்டும். ஹோட்டல் அதற்குத்தானே கட்டி வைத்திருக்கிறது.

அடுத்த நாள் பின்னேரம் நானே சுரூபத்தைத் தூக்கிப்போய் அடுத்த வீட்டில் கொடுத்தேன்.

பிறகு ஜேர்மன்காரர் எங்கள் வீட்டைப் பற்றிக் கொம்பனியில் எழுதியதை றஞ்சிதா தன் கைபேசியில் வாசித்துக் காட்டினாள். ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார்களாம். 'வீட்டுக்காரர் கோடரியால் கதவை உடைத்தார். நாற்பது பேர் எங்கள் அறையில் பாடினார்கள்.' எங்கள் அறையாம். அதற்கு முந்தி ஆரோ எழுதியதையும் வாசித்தாள். 'பின்பக்கம் ஒரு வயோதிபர் இருக்கிறார், தொந்தரவில்லை.' எனக்கு அந்த ஒரு நட்சத்திரம்தான் மரியாதையாகப் பட்டது.

மகள் ஒரு கிழமை கதைக்கவில்லை. பிறகு எடுத்தாள். அழுதாள், ஏசினாள். வந்த மூன்று பேர் வேண்டாம் என்று விலகிவிட்டார்களாம். தான் இரண்டு வேலை செய்து அந்த வீட்டைத் திருத்தினது எனக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியும். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். தன் உழைப்பையும் என் வீட்டையும் சேர்த்து ஆரோ முகம் தெரியாதவன் போடும் நட்சத்திரத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

அழுது முடித்துச் சொன்னாள்: "சரி, விடுங்கோ. துஷாந்தன் புதுப் பூட்டு கொண்டு வருவான். அடுத்த வருஷம் மாதா எத்தினையாம் திகதி வருவா எண்டு இப்பவே சொல்லுங்கோ, மறிச்சு விடுறன்."

"இப்ப சொல்லேலாது. அப்ப எத்தினை வீடு பூட்டிக் கிடக்குமோ, ஆருக்குத் தெரியும்."

"உத்தேசமா எண்ணிச் சொல்லுங்கோவன்."

"எண்ணுறன். ஆனா நீ ஒண்டு சொல்லு. எண்ணேக்க எங்கட வீட்டைத் திறந்த வீடெண்டு எண்ணுறதோ, பூட்டின வீடெண்டு எண்ணுறதோ?"

 வேலைக்கு நேரமாகிறது, நாளைக்கு எடுக்கிறேன் என்றாள். எடுக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் துஷாந்தன் புதுப் பெட்டியோடும் துளை போடும் மெசினோடும் வந்தான். நான் கதவு நிலைக்குள் கதிரையைப் போட்டு இருந்தேன். எழும்புங்கோ ஐயா, பத்து நிமிச வேலை என்றான். மகளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன், மறுமொழி வந்தபிறகு வா என்றேன். மெசினைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நான் எழும்பவில்லை. முற்றத்தில் கருவாடு காய்கிறது.