கழுவிய புண்

முப்பத்தாறு வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் யாரும் கசங்கிய சட்டையோடு வாசலைத் தாண்டியதில்லை.

என் மனைவிக்குச் சர்க்கரை. இடது பாதத்தில் செருப்பு கடித்த இடம் புண்ணாகி, இரண்டு மாதமாகச் சீழ் வைத்திருந்தது. எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. சீழைச் சோதித்து, என்ன கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்தால்தான் காலைக் காப்பாற்ற முடியும் என்றார் டாக்டர். அதுவரை புண்ணில் எந்த மருந்தும் படக் கூடாது என்றும் சொன்னார்.

சீழ் எடுக்க வேண்டியவள் என் மருமகள். ஆஸ்பத்திரியில் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சளி, சிறுநீர், மலம், சீழ் இவற்றோடுதான் அவள் பொழுது போகும். யாராவது விசாரித்தால், 'ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அந்தப் புண்ணின் வீச்சத்தை என்னால் தாங்க முடியவில்லை. அவள் எடுக்கும் சீழ் ஒரு குழாய்க்குள் போகும். குழாயின் மேல் என் மனைவியின் பெயரும் அதை ஒட்டி என் பெயரும் இருக்கும். மருமகளோடு வேலை செய்கிறவர்கள் அதைத் திறந்து மூக்கைப் பொத்துவார்கள். அதனால் சீழ் எடுக்க வேண்டிய நாளன்று காலை, அவள் வருவதற்கு முன்பே வெந்நீரில் அயோடின் மருந்தைக் கலந்து புண்ணை நானே கழுவினேன். பஞ்சை ஆழம் வரை விட்டுத் துடைத்தேன்.

மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, "கால போட்டோ புடிக்கவா வர்றா, இந்தத் தேய் தேய்க்கிறீங்க?" என்றாள்.

கறை தெரியாதபடி மறுபடி வெறும் நீரில் கழுவினேன். மருமகள் வந்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு, குனிந்து புண்ணைப் பார்த்தாள்.

"மாமா, புண்ணுல ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல."

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சுவரைப் பார்த்தாள். தாளில் 'மருந்து படவில்லை' என்று எழுதிவிட்டு, பஞ்சுக் குச்சியைப் புண்ணின் அடியில் சுழற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. எதுவும் வளரவில்லை. மருமகள் அதை நம்பவில்லை. கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தபோது கிருமிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தனவாம். வளர்க்கிற தட்டில் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லையாம். மருந்து பட்டுச் செத்த கிருமிதான் இப்படி இருக்கும், பட்டிருந்தால் சொல்லுங்கள், இன்றைக்கே வேறு எடுக்கிறேன் என்று தணிந்த குரலில் கேட்டாள். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லும் பழக்கம் எனக்கில்லை என்றேன். அவளுக்கு எடுக்கத் தெரியவில்லை என்றும் சொன்னேன். அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் குத்துமதிப்பாக ஒரு மருந்தை எழுதினார். இரண்டே நாளில் கால் விரல்கள் கறுத்தன. காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருமகள் புதுக் குழாயோடு வந்து கட்டிலருகே குந்தினாள். இந்த முறை என்னைக் கேட்கவில்லை.

"அத்தை, நீங்களாவது சொல்லுங்க."

மனைவியின் உதடு வெடித்திருந்தது. "அவர் போடலன்னா போடல" என்றாள்.

எத்தனையோ பொய்ச் சாட்சியைக் கை நடுங்காமல் எழுதியவன் நான். தன் காலைக் கொடுத்து இன்னொருவரின் வார்த்தையைக் காப்பாற்றிய சாட்சியை அன்றுதான் பார்த்தேன்.

"போட்டேன். அயோடின். நீ வர்றதுக்கு அரைமணி முன்னாடி" என்றேன்.

மருமகள் நிமிரவில்லை. எழுதிக்கொண்டாள். சீழை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். முடிவு வர இரண்டு நாளாகும். நஞ்சு மேலே ஏறுகிறது, அவ்வளவு நேரம் இல்லை என்றார் அறுவை டாக்டர். மறுநாள் விடிந்ததும் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

முடிவு அதற்கு அடுத்த நாள் வந்தது. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற ஊசி மருந்துக்கே அந்தக் கிருமி அடங்குமாம். மருமகள் அதைப் படித்துக் காட்டிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டாள்.

மனைவி கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"அவகிட்ட ஏங்க சொன்னீங்க? இனிமே அவ உங்கள மதிப்பாளா?"

போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. மருமகள் கட்டிலின் மறுபுறம், மருந்து இறங்கும் குழாயைச் சரிசெய்தபடி நின்றுகொண்டிருந்தாள்.