படகுத்துறைப் பட்டியலின் முதல் வரி

மார்ச் 12, வியாழன். இன்று ஒரு தவறு கண்ணில் பட்டது. சிறியதுதான். பக்கம் ஒன்பது, பட்டியலின் முதல் வரி. இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டினால் ஒன்று வரவே வராது. எழுதியது நான். சரிபார்த்ததும் நான்.

நாட்குறிப்பில் எழுதி முடித்துவிட்டு, 'சிறியதுதான்' என்பதை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்தாள்.

மாலை வகுப்பில் அவளுக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர். புத்தகப் பக்கம் அமைக்கக் கற்றுத்தரும் வகுப்பு அது. எதைச் சொன்னாலும் கீழே ஒரு விளக்கம் சேர்க்காமல் விடமாட்டாள் என்று கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸின் விளிம்பைத் தேய்க்கிற வேலை. அச்சு இரண்டு டிகிரி பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும் என்பதால், ஒவ்வொரு கண்ணாடியையும் மூன்று தடவை அளப்பாள். அப்படிப்பட்டவள்தான் ஒன்றைக் கோட்டைவிட்டிருந்தாள்.

அவள் எழுதியது ஒரு துணைநூல். ஏழாற்று நாடு என்று ஒரு கதையாட்டம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அடுத்து என்ன ஆகும் என்பதைப் பல இடங்களில் பகடை சொல்லும். அந்த நாட்டைக் கற்பனை செய்தவர்கள் ஆறுகளையும் பெரிய நகரங்களையும் வரைந்துவிட்டு, மிச்சத்தை ரசிகர்களே எழுதிச் சேர்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். அவள் மூன்றாம் ஆற்றின் வளைவில் ஒரு படகுத்துறையை எழுதினாள். பதினாறு பக்கம். துறையில் ஒரு படகோட்டி. வெள்ளத்தில் போன தன் மகள் திரும்பி வருவாள் என்று தினமும் அந்தியில் விளக்கு ஏற்றுபவர். அந்தியில் யார் வந்து இறங்குகிறார்கள் என்பதற்குத்தான் அந்தப் பன்னிரண்டு வரிப் பட்டியல்; பகடையில் விழும் எண் எதுவோ, அந்த வரி நடக்கும். முதல் வரியில் மகள் வருவாள். நூலிலேயே அவளுக்கு மிகவும் பிடித்த வரி அது. எட்டு முறை திருத்தி எழுதியது.

ஆரம்பத்தில் அதைப் பன்னிரண்டு முகப் பகடைக்காகத்தான் எழுதியிருந்தாள். எல்லார் வீட்டிலும் அது இருக்காதே என்று கடைசி நேரத்தில் 'சாதாரணப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டுக' என்று மாற்றினாள். பட்டியலின் எண்களை மாற்றவில்லை. சரிபார்க்க வேண்டியவை என்று நாற்பத்தொரு விஷயங்களைக் குறித்து, ஒவ்வொன்றாக டிக் செய்துதான் இணையத்தில் ஏற்றினாள். இது மட்டும் அந்த நாற்பத்தொன்றில் இல்லை.

தவறை அவளாகவும் கண்டுபிடிக்கவில்லை. காட்டிக்கொடுத்தது ஒரு கடிதம். முன்பின் தெரியாத ஒரு சலவைக்கடைக்காரர் எழுதியிருந்தார். ஞாயிறு மதியம் கடையை மூடிவிட்டு, இஸ்திரி மேசையைச் சுற்றி நாலு பேர் ஆடுகிறார்களாம். ஆறு வாரமாக அவர்கள் அவளுடைய படகுத்துறையில்தான் இருக்கிறார்கள்; வாரம் ஒரு அந்தி, ஒரு உருட்டல். படகோட்டியாக ஆடுவது பக்கத்துக் கடைத் தையற்காரம்மா. மகள் வந்து இறங்கும்போது மேசையில் வைக்கும் பொம்மைக்கு, கட்டைவிரல் அளவில் ஒரு பச்சை மேலங்கி தைத்து ஊசி டப்பாவில் வைத்திருக்கிறார். 'இந்த ஞாயிறும் வரலன்னா வேற ஊருக்குப் போயிடலாம்னு மத்தவங்க சொல்றாங்க. அந்தம்மா மாட்டேங்கறாங்க. இன்னும் எத்தனை தடவை உருட்டணும்னு கேட்கறாங்க' என்று முடித்திருந்தார்.

அவள் கணினியில் துணைநூலை நீக்கும் பொத்தான்வரை போய்விட்டு எழுந்து அடுப்படிக்கு வந்தாள்.

அக்கா அங்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்க மற்றவர்களுக்காகப் பிரேக் மிதித்து வலது முழங்கால் வீங்கியிருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

சொன்னாள். அக்கா ஐஸ் பையை முழங்காலில் வைத்தபடி கேட்டாள்.

"அப்போ அந்தம்மா ஆறு வாரமா சும்மா உருட்டியிருக்காங்க."

"ஆமா."

"வரவே வராத ஒண்ணுக்கு."

"நீ வேற ஏன்க்கா! அதான் எடுத்துடலாம்னு இருக்கேன். எழுதறதெல்லாம் எனக்கு ஒத்துவராது."

"எடுத்துட்டா? அந்தம்மா மேலங்கியை என்ன பண்ணுவாங்க, உனக்குப் போட்டுவிடுவாங்களா?" அக்கா பையைத் திருப்பி வைத்தாள். "என்கிட்ட ஒருத்தர் வராரு. இஞ்சின் நின்னுபோனா உடனே இறங்கி ஓடிடுவாரு. வண்டி நடுரோட்டுல நிக்கும். நான் கத்துவேன், ஐயா, இறங்காதீங்க, மறுபடி சாவியைத் திருப்புங்கன்னு. போய் சாவியைத் திருப்புடி."

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், கண்ணாடிக் கடையின் பின்னறையில் நின்று, கடிதத்தில் இருந்த எண்ணில் சலவைக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். என்ன சொல்வது என்று தாளில் ஐந்து குறிப்பு எழுதி வைத்திருந்தாள். முதல் குறிப்பைச் சொன்னதுமே அவர் குறுக்கிட்டார்.

"ஒண்ணு வராதா..." என்றார் அவர். "அட, ஆமா! ரெண்டு பகடைக்கு ரெண்டுதானே ஆரம்பம்! நாலு பேர் உட்கார்ந்திருக்கோம், ஒருத்தருக்கும் உறைக்கலையே."

"என் தப்புதான் சார். ஏழாம் வரிக்கு மாத்திடட்டுமா? ஏழுதான் அதிகமா விழும். அனேகமா அஞ்சாறு வாரத்துல வந்துடுவா."

"இருங்க, அந்தம்மா இங்கதான் இஸ்திரிக்குத் துணி குடுக்க வந்திருக்காங்க. குடுக்கறேன்."

அவர் தாழ்ந்த குரலில் எதையோ விளக்குவது கேட்டது. பிறகு ஒரு கனத்த குரல்.

"நீதான் எழுதினதா? சின்னக் குரலா இருக்கே."

"மன்னிச்சிடுங்கம்மா."

"மன்னிக்கறது இருக்கட்டும். ஏழுக்கு மாத்தறேன்னியாமே. பேருந்து மாதிரி அவ சும்மா வந்து நிக்க வேணாம். ஆறு வாரம் விளக்கு ஏத்தியிருக்கேன் நான். அதுக்கு ஒரு கணக்கு வேணாமா?"

"வேணும்மா" என்றாள். ஐந்து குறிப்பில் எதுவும் உதவவில்லை.

அன்று மாலை வகுப்புக்கு மட்டம் போட்டாள். சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அறையில் உட்கார்ந்து கட்டம் போட்டாள், அடித்தாள், பகடையை இருநூறு தடவை உருட்டிக் குறித்தாள். அந்தம்மா சொன்னது காதிலேயே நின்றது. விளக்கு ஏற்றிய வாரங்களை யார் எண்ணினார்கள்? அவளுடைய பதினாறு பக்கத்தில் எங்கும் இல்லை. ஒவ்வொரு அந்தியும் முந்தைய அந்திகளே நடக்காததுபோல் புதிதாகத் தொடங்கியது. எண்ணில் மட்டும் இல்லை பிசகு.

சனிக்கிழமை காலை புதிய விதி தயாராக இருந்தது. மகள் பட்டியலில் இனி கிடையாது. இரண்டு பகடையை உருட்டிக் கூட்டு. இதுவரை வீணாகக் காத்திருந்த வாரங்களை அதனோடு சேர். பதின்மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அவள் வந்து இறங்குகிறாள். முதல் வாரமே வரமாட்டாள். பதினோரு வாரம் காத்திருந்தவரை எந்தப் பகடையாலும் ஏமாற்ற முடியாது. முதல் பக்கத்தில் திருத்தத்தையும் தேதியையும் போட்டாள். 'தவறு எழுதியவருடையது, காத்திருந்தவர்களுடைய வாரங்கள் கணக்கில் சேரும்' என்று அதற்கு ஓர் அடிக்குறிப்பு.

அக்கா படித்துவிட்டு, "மன்னிப்புக்குக்கூட அடிக்குறிப்பா? உருப்படமாட்ட" என்றாள். ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு தடவை படித்தாள். தங்கை அன்றே அதை இணையத்தில் ஏற்றி, சலவைக்கடைக்காரருக்கும் அனுப்பினாள்.

ஞாயிறு மூன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. சலவைக்கடைக்காரர் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு இஸ்திரி மேசையில் வைத்திருந்தார்; அக்காவுக்கும் கேட்கட்டும் என்று இவளும் ஸ்பீக்கரைப் போட்டாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விளக்கு ஏற்றியாகிவிட்டது, ஆறு வாரம் கையில் இருக்கிறது, ஏழு விழுந்தால் போதும்.

"எல்லாரும் வாயை மூடுங்க" என்றது கனத்த குரல். பகடை உருண்டது. அக்கா முழங்காலை மறந்து எழுந்து நின்றுவிட்டாள்.

"மூணு, ரெண்டு. அஞ்சு" என்றார் சலவைக்கடைக்காரர். "ஆறும் அஞ்சும் பதினொண்ணு. வரல."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். ஆனால் அந்தப் பக்கம் யாரும் நொந்துகொள்ளவில்லை. யாரோ கைதட்டினார்கள்.

"அடுத்த வாரம் ஆறு விழுந்தா போதும்டா!" என்று தையற்காரம்மா கத்தினார். "ஏய், வேற ஊருக்குப் போகணும்னியே, போறியா இப்ப?"

"எங்கயும் போகல தாயே" என்றது ஓர் ஆண் குரல்.

"அம்மாடி, எழுதினவளே, லைன்ல இருக்கியா? அவ வந்து இறங்கினதும் முதல்ல என்ன சொல்லுவா? புத்தகத்துல அது இல்லையே."

இல்லைதான். எட்டு முறை திருத்தியும் மகளைக் கரையில் இறக்கியதோடு நிறுத்தியிருந்தாள்.

"அடுத்த ஞாயிறுக்குள்ள அனுப்பறேம்மா" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு. பதினொன்று. வரவில்லை. நீக்கும் பொத்தான் பக்கம் இன்று போகவில்லை. வகுப்புக்கு ஒரு நாள் மட்டம், பாடக் குறிப்பு வாங்க வேண்டும். சரிபார்க்கும் பட்டியலில் நாற்பத்திரண்டாவதாகச் சேர்த்தது: பகடையை மாற்றினால் எண்களையும் பார்.

நாளை: மகள் படகிலிருந்து இறங்கியதும் சொல்லும் முதல் வாக்கியத்தை எழுத வேண்டும்.