ஐந்தாவது மேசையின் கால்

கைப்பட்டையை இறுக்கிக்கொண்டு அவள் ஐந்தாவது மேசையில் உட்கார்ந்தாள். பட்டையிலிருந்து ஒரு சுருள் வயர் மேசையின் இரும்புக் காலுக்குப் போகும். உடம்பில் சேரும் மின்சாரம் அதன் வழியே தரைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால், விரல் பட்டதுமே கண்ணுக்குத் தெரியாத பொறி பாய்ந்து, காரின் பிரேக்கும் எஞ்சினும் பேசிக்கொள்ளும் மின்னணுப் பலகையின் வாயை அடைத்துவிடும். அதைத் தடுக்கும் காவல் சில்லை ஆறாவது மேசையில்தான் பொருத்துவார்கள். அதுவரை பலகை பச்சைப் பிள்ளை.

இந்த வாரம் செத்த பதினொரு பலகைகளும் அவள் கை பட்டவை. வரிசையே அவளை 'மின்னல்' என்று கூப்பிட ஆரம்பித்தது. முதலில் அவளும்தான் சிரித்தாள். பட்டையைச் சரியாகப் போடாததே காரணம் என்று எழுதிய தாளை மேலாளர் நீட்டிய பிறகு சிரிப்பு வரவில்லை. கையெழுத்துப் போட்டால் வேலை இன்றோடு சரி. இடுப்பு உடைந்து படுத்திருக்கும் கணவனிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வாள்? தினமும் வாசல் கருவியில் பட்டைக்குப் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் உள்ளே வருவதாக எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மேலாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலைவரை அவகாசம் கொடுத்தார். அதுவே பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் சோதனை மேசை அக்கா மீட்டரோடு வந்தாள். செத்த பலகைகளை எழுதி எழுதி அவளுக்கே வயிற்றெரிச்சல். டப்பாவைக்கூடத் திறக்காமல் மேசைக்கு அடியில் நுழைந்தாள்.

"மின்னலு, இந்தக் காலுக்கு எப்போ பெயிண்ட் அடிச்சாங்க?"

"போன சனிக்கிழமைக்கா. யாரோ பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்கன்னு மேனேஜர் சார்தான் அடிக்கச் சொன்னாரு."

விஷயம் அவ்வளவுதான். மற்ற மேசைகளில் வயரின் கவ்வியைக் கழற்றாமல் சுற்றிலும் அடித்திருந்தார்கள். இவள் மேசையில் கழற்றி அடித்துவிட்டு, காய்ந்த பெயிண்டின் மேலேயே மாட்டிவிட்டார்கள். பெயிண்ட் மின்சாரத்தை விடாது. வாசல் கருவியோ பட்டையைத்தான் பார்க்கும், மேசையைப் பார்க்காது.

அக்கா மேலாளரைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் கண்ணெதிரே பெயிண்டைச் சுரண்டி, கவ்வியை இரும்பில் மாட்டினாள். அதுவரை ஊமையாக இருந்த மீட்டர் பீப் என்றது. மாலைவரை ஒரு பலகையும் சாகவில்லை. மேலாளர் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தார். அவள்தான் இரண்டு தடவை நன்றி சொன்னாள்.

வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். "நீங்க இல்லேன்னா நான் நடுத்தெருவுலதான்க்கா நின்னிருப்பேன்."

"போடி, சோறு தண்ணி இல்லாம உன் மேசைக்கு அடியில கிடந்தேன். நாளைக்கு உன் டப்பா எனக்கு."

மறுநாள் அக்காவுக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டு சீக்கிரமே வந்தாள். வாசலில் பட்டைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ஐந்தாவது மேசைக்கு அடியில் பெயிண்டர் குந்தியிருந்தார். சுரண்டிய இடம் அசிங்கமாகத் தெரிகிறதென்று மேலாளர் அனுப்பினாராம். கவ்வி தரையில் கிடந்தது. மேசைக்கு மேலே சுவரில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'பட்டையைச் சரியாக அணிவது தொழிலாளியின் பொறுப்பு.'