அணைந்ததா, அணைத்ததா

மாமனார் தன் பையைக் கட்டி வாசல் ஓரமாக வைத்துவிட்டார்.

"இன்னைக்கு ஒருநாள் பாப்பேன் மாப்பிள்ளை. பாதிக் குளியல்ல பச்சைத்தண்ணி வந்துச்சுன்னா, தலையைத் துவட்டிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுதான்."

முட்டியில் போட்ட தையலைப் பிரித்து அதிக நாள் ஆகவில்லை. தனி வீட்டில் படியேறி, தானே பொங்கித் தின்னும் நிலையில் அவர் இல்லை. அது அவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம்.

குளியலறையில் இருக்கும் கேஸ் கீசர் மாமனாருக்கு மட்டும் அணைகிறது. அவள் குளித்தால் எரிகிறது, அவன் குளித்தால் எரிகிறது. அவர் உள்ளே போய்ப் பாட்டை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சில்லிட்டுவிடுகிறது. சிலிண்டர் இருப்பது சமையலறையில். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது அவன் ஒருத்தன். கிடங்கில் ராத்திரி முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்து படுப்பவனை அந்தப் பாட்டு தினமும் எழுப்பிவிடுகிறது. சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும். சிலிண்டரை மூடிவிட்டால் என்ன என்று ஒருமுறை அவனுக்குத் தோன்றியதும் உண்மைதான். தோன்றியதோடு சரி.

"அணைஞ்சு போச்சு மாமா, அவ்வளவுதான்" என்று தினமும் அவன் சொல்வான்.

"அணையல. அணைக்கறாங்க" என்று தினமும் அவர் சொல்வார். ஒரே ஓர் எழுத்துக்காக மாமனாரும் மருமகனும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது அந்த வீட்டில்தான் நடந்திருக்கும்.

பேட்டரியை மாற்றிப் பார்த்திருந்தான். ரப்பர் குழாயில் சோப்பு நுரை தடவிப் பார்த்திருந்தான். ஒரு குமிழி இல்லை. தண்ணீர் வேகத்தைக் கூட்டினான், குறைத்தான். அவன் முன்னால் கீசர் பெண் பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்ந்த பிள்ளை மாதிரி அடக்க ஒடுக்கமாக எரிந்தது. தூக்கம் கெட்ட எரிச்சல் ஒரு பக்கம். ஆனால் உண்மையில் அவனைக் குடைந்தது வேறு. ஒரு இரும்புப் பெட்டிக்கு ஆள் எப்படி அடையாளம் தெரியும்?

பத்து மணி வாக்கில் மெக்கானிக் வந்தார். மூடியைக் கழற்றினார், ஊதினார், தலையாட்டினார்.

"சென்சார் தொல்லை அண்ணே. இந்த ரெண்டு ஒயரையும் வெட்டி ஒண்ணா முறுக்கி விட்டுட்டா ஜென்மத்துக்கும் அணையாது. எல்லா வீட்லயும் நான் அதைத்தான் பண்றேன்."

"அப்படியே பண்ணுப்பா" என்றார் மாமனார், நாற்காலியில் உட்கார்ந்தபடி. "இனிமே எவனும் கை வைக்க முடியாதுல்ல?"

மெக்கானிக் வெட்டுக்குறட்டை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றான் அவன். "அந்த சென்சார் எதுக்கு இருக்கு?"

"உள்ள காத்து கம்மியாச்சுன்னா கேஸை நிறுத்தும். சும்மா பேருக்கு."

"அதுவே நிறுத்துமா?"

"அதுவேதான்."

அவன் மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். கிழவர் சொன்னது இத்தனை நாளும் சரி. அணையவில்லை, அணைக்கிறார்கள். அணைப்பது யார் என்பதில்தான் தப்பு.

ஆனால் அதே அறை, அதே ஜன்னல். அவருக்கு மட்டும் காற்று எங்கே போகிறது?

"வெட்டுக்குறட்டை உள்ள வைங்க" என்றான் மெக்கானிக்கிடம். "மூடியை மாட்டுங்க. மாமா, நீங்க போய் எப்பவும் போலக் குளிங்க."

"எதுக்கு? வேடிக்கை பாக்கவா?"

"பையைக் கட்டி வச்சிருக்கீங்கல்ல. கடைசிக் குளியல்னு நெனைச்சுக்குங்க."

மாமனார் முனகிக்கொண்டே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். தாழ்ப்பாள் விழுந்தது. கதவின் கீழே தெரிந்த வெளிச்சக் கோடு ஒரு பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல இருண்டது. யாரோ கோணியைத் திணிக்கிற மாதிரி. அவன் பால்கனிக்கு ஓடினான். அங்கிருந்து குளியலறை ஜன்னல் பக்கவாட்டில் தெரியும். கண்ணாடிப் பட்டைகளுக்குப் பின்னால் மாமனாரின் பச்சைத் துண்டு விரிந்தது. ஓர் ஓட்டை மிச்சமில்லாமல் ஓரங்களை ஒரு கை உள்ளே அழுத்தியது.

பாட்டு தொடங்கியது. இரண்டாவது பாட்டின் நடுவில் நின்றது.

"அணைச்சாச்சு! எவன்டா அது?"

"மாமா, நான் பால்கனியில நிக்கிறேன். மெக்கானிக் ஹால்ல. சிலிண்டர் கிட்ட ஈ எறும்பு இல்ல. முதல்ல கதவைத் திறங்க."

அவர் எப்போதும் குளித்து முடித்ததும் அதே துண்டில் துவட்டி, அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். தடயம் தினமும் அவர் தோளிலேயே ஏறி வெளியே வந்திருக்கிறது. யார் கண்ணில் படும்?

அவன் உள்ளே ஓடிவந்து, ஜன்னல் துண்டை உருவி இடுப்பில் சுற்றிக்கொண்டு சோப்பு நுரையோடு கதவைத் திறந்தவரிடம், "குளிச்சா தலை பாரமா இருக்குன்னு சொல்வீங்களே, எதனால தெரியுமா?" என்றான். "நெருப்பு உள்ள இருக்கிற காத்தைத் தின்னுடுது. அப்புறம் விஷம் கக்குது. வாசனையே இருக்காது. அந்த சென்சார் இல்லேன்னா பாட்டு பாதியில நின்னுருக்கும், உங்க மூச்சும் நின்னுருக்கும்."

மாமனார் கண்ணில் வழிந்த நுரையைத் துடைத்தார்.

"ஆவி வெளிய போகாம முட்டிக்கு இதமா இருக்கட்டும்னு கதவை அடைச்சீங்க, சரி. ஜன்னல்ல துண்டு எதுக்கு? லாரிய நிறுத்திட்டு ரோட்டோரக் குழாயில குளிச்ச ஆளு நீங்க."

"அப்ப நின்னு குளிச்சேன்."

அப்போதுதான் அவன் உள்ளே பார்த்தான். ஷவருக்குக் கீழே பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கிடந்தது. துண்டு எடுத்த ஜன்னலுக்கு நேரே, எதிர்வீட்டு ஜன்னலில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமனாரை மாலை நடைக்கு விடாமல் கூப்பிடுகிறவர்.

ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பது அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அவன் மெக்கானிக் பக்கம் திரும்பினான். "இந்த கீசரைக் கழட்டி வெளிய பால்கனிச் சுவத்துல மாட்டிடுங்க. ஒயரைத் தொடாதீங்க. ஆமா, எல்லா வீட்லயும் முறுக்கி விட்டேன்னீங்களே, அந்த வீடுங்க ஞாபகம் இருக்கா?"

மெக்கானிக் கருவிப் பையைக் கீழே வைத்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார்.

மனைவி போனில் கூப்பிட்டாள். "என்னங்க, அப்பா இருக்காரா, கிளம்பிட்டாரா?"

"இருக்கார்."

"அது தானா அணைஞ்சுதா, இல்ல..."

"அணைச்சுதான் இருக்கு."

"யாரு?"

மாமனார் ஈரத் துண்டை இடுப்பில் பிடித்தபடி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கீசர்தான்" என்றான். "காத்து பத்தலையாம். இனிமே வெளிய இருக்கும்."

அவன் போனை வைத்தான். மாமனார் வாசலுக்குப் போய், நல்ல காலால் பையைத் தள்ளித் தள்ளி அறைக்குள் கொண்டுபோனார்.

"மாப்பிள்ளை" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நீங்க தூங்கற நேரம் எது?"