ஆற்றங்கரை பெஞ்சுகள்

சைக்கிள் நகர மறுத்தது. பின்சக்கரம் பூட்டியிருந்தது. சாவியை வழக்கம்போல ராமதாஸ் எங்கேயோ வைத்திருந்தார். வைத்தவர் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கண்மூடிப் படுத்திருந்தார், இனிமேல் அவரைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அன்புச்செல்வி கேரியரைத் தூக்கிப் பிடித்து, முன்சக்கரத்தை மட்டும் உருட்டி, வண்டியைப் பக்கத்துச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போனாள். முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள், புருஷன் செத்த மறுநாளும் கையில் வலு குறைந்துவிடவில்லை.

"அத கண்ணுல படாத எடத்துல வைங்க அண்ணி," என்று தனம் பின்னாலேயே வந்தாள். ராமதாஸின் ஒரே தங்கை. அடி அண்ணாமலையிலிருந்து நேற்றே ஓடிவந்து, அழுகைக்கு நடுநடுவே வீட்டை நிர்வாகம் செய்துகொண்டிருந்தாள். "சைக்கிளு தான் எங்கண்ணன முழுங்கிடிச்சி."

"தனம், இது பால் வாங்கப் போற சைக்கிளு."

"எந்த சைக்கிளா இருந்தா இன்னா? வயசான காலத்துல ஃபாரின்ல போய் சைக்கிள் மிதிக்கணும்னு இன்னா தலையெழுத்து?"

நேற்றுக் காலையிலிருந்து இதே கேள்விதான். காபியை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். ஆனால் துக்கம் விசாரிக்க வந்த ஒருவருக்கும் அந்தக் காரணம் போதவில்லை. மாலையைப் போட்டார்கள், மூக்கைச் சிந்தினார்கள், பிறகு அவள் பக்கம் திரும்பி, "சைக்கிள் டூர் போனீங்களாமே?" என்றார்கள். பானை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

டூர் போய் வந்து நாலு மாசம் ஆகிறது. வியன்னாவில் வேலை செய்யும் மகள் பூஜாதான் டிக்கெட் போட்டாள். டான்யூப் ஆற்றங்கரையோரமாகப் பத்து நாள், ஊர் ஊராக, ஆடி அசைந்து. ஆசைப்பட்டது அன்புச்செல்விதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. பெண்களைப் பஸ் ஏற்றி மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போனதைத் தவிர அவள் எந்த ஊரையும் பார்த்ததில்லை. ராமதாஸ் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெட்டியில் இட்லிப்பொடி எடுத்து வைத்தார்.

"மிதிச்சா தானே தனம்? உங்கண்ணன் மிதிக்கவே இல்ல. பேட்டரி சைக்கிள் வேணும்னு வாங்கிக்கினாரு. நான் மிதி சைக்கிள், அவரு பேட்டரி. எல்லாரும் பாத்து சிரிக்கறாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? பெஞ்ச கண்டா எறங்கிடுவாரு. அந்த ஊர்ல அரை கிலோமீட்டருக்கு ஒரு பெஞ்சு. ஒண்ணையும் வுடல. நான் பாட்டுக்குப் போயி, ஆளக் காணோமேன்னு திரும்பி வந்தா, உக்காந்து தண்ணியப் பாத்துகினு இருப்பாரு. பக்கத்துல எனக்குப் பைய போட்டு எடம் வேற புடிச்சி வெச்சிருப்பாரு. ஈ காக்கா இல்லாத ஆத்தங்கரைல!"

சொல்லும்போதே அந்த எரிச்சல் அப்படியே திரும்ப வந்தது. முப்பத்தைந்து வருஷம் அரசு பஸ் ஓட்டிய மனிதர். பெங்களூர் வண்டியை ஒரு நாளும் லேட்டாகக் கொண்டுவந்து நிறுத்தியதில்லை. அப்படிப்பட்டவர் அங்கே போய் மாட்டுவண்டி ஆகிவிட்டார். இன்னாங்க இது என்று கேட்டால், "கிரிவலம் எப்டிப் போவணும்? நெறமாசக்காரி நடக்கற மாதிரி போவணும். ஆத்தச் சுத்தறதும் அதே தான்," என்பார். திருவண்ணாமலைக்காரியிடம் இதைச் சொன்னால் அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்? பௌர்ணமிக்குப் பௌர்ணமி எட்டு லிங்கத்திலும் நின்று நின்று போகிறவர்தானே என்று விட்டுவிட்டாள்.

மெல்க் என்ற ஊரில் குன்றின் மேல் பெரிய மடாலயம் ஒன்று இருந்தது. அதற்கும் வரவில்லை. "நம்மூர்க்காரன் மலையச் சுத்துவான், மலை மேல கால் வெக்க மாட்டான். நீ போய்ட்டு வா, நான் சைக்கிளப் பாத்துக்கறேன்," என்றார். நானூறு படிகள் போல இருந்ததை அவள் தனியாக ஏறி, தனியாகப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து இரண்டு மணி நேரம் அவரோடு பேசவில்லை.

பூஜா பகல் பன்னிரண்டுக்கு வந்து சேர்ந்தாள். மீனம்பாக்கத்திலிருந்து வந்த காரை விட்டு இறங்கியவள், பெட்டியின் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். அழக்கூட விடாமல் தனத்தின் கணவன் மூர்த்தி குறுக்கே வந்தான்.

"பாப்பா, பாத்துக்கோ, ஜாஸ்தி டயம் இல்ல. இன்னிக்கு பௌர்ணமி. மூணு மணிக்கு மேல ரோட்ட மூடிடுவாங்க. அப்பறம் அமரர் ஊர்தி உள்ள வராது." பிறகு அன்புச்செல்வியிடம், "அக்கா, குளிப்பாட்டிடலாமா?"

காலையிலிருந்து மூர்த்தியின் வாயில் மூணு மணி என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. சாகிற மனிதர் நாளாவது பார்த்துச் செத்திருக்கலாம், லட்சம் பேர் ஊருக்குள் வருகிற நாளையா பார்க்க வேண்டும் என்று அன்புச்செல்விக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

குளிப்பாட்டி வேட்டி கட்டியானதும், நெற்றிக்கு இட விபூதி கேட்டார்கள். "எட்டு லிங்கத்து விபூதியும் அண்ணன் அந்த நீலப் பைல தான் வெச்சிருக்கும். எடுத்தாங்க அண்ணி," என்றாள் தனம்.

நீலப் பை, டூரில் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டக் கொடுத்தது. ஊருக்கு வந்த பிறகு ராமதாஸ் அதைக் கிரிவலப் பையாக ஆக்கிக்கொண்டார். அவர் பையில் அவள் கை விட்டதே இல்லை. உள் அறைக்குப் போய், அலமாரிக் கொக்கியிலிருந்து எடுத்து, ஜிப்பைத் திறந்தாள். விபூதிப் பொட்டலங்கள், கற்பூரம், சந்தில் நிற்கும் சைக்கிளின் சாவி. அடியில் மூன்று மாத்திரை அட்டைகள். இரண்டு காலி, மூன்றாவதில் பாதி. அவற்றைச் சுற்றி மடித்திருந்தது ஒரு டாக்டர் சீட்டு.

மாத்திரையை அவளுக்குத் தெரியும். பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஹேண்ட்பேகில் எப்போதும் இருந்தது அதுதான். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, வலி அடங்குகிற வரைக்கும் அசையாமல் உட்கார வேண்டும்.

உட்கார வேண்டும்.

சீட்டைப் பிரித்தாள். ஆஞ்சியோ உடனே எடுக்கச் சொல்லி எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. தேதி மே ஒன்பது. அவர்கள் விமானம் ஏறியது ஜூன் இரண்டு.

காலையிலிருந்து தனத்திடம் வாதாடியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. பேட்டரி சைக்கிள். பெஞ்சு, பெஞ்சாக. மெல்க் படிகள். நிறைமாசக்காரியாம்! எதைச் சொன்னால் அவள் மறுபேச்சு பேசமாட்டாள் என்று தெரிந்து, ஊரையும் மலையையும் சாட்சிக்கு இழுத்து ஏமாற்றியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டிருப்பாள். அது தெரிந்துதான் சொல்லவில்லை. பாவி மனுஷா, பாவி மனுஷா என்று பையைக் கட்டிலில் இரண்டு முறை ஓங்கி அடித்தாள். விபூதி பறந்து அவள் புடவையெல்லாம் ஆனது.

"அம்மா?"

பூஜா வாசலில் நின்றாள். அன்புச்செல்வி சீட்டையும் அட்டைகளையும் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

"அம்மா, அத்த சொல்றாங்க... நான் தானே டிக்கெட் போட்டேன். அங்க அப்பாவுக்கு எதாவது பண்ணுச்சா? எங்கிட்ட மறைக்காத."

பெண்ணின் முகம் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வீங்கியிருந்தது. என்ன பதில் வருமோ என்று பயந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பண்ணல," என்றாள் அன்புச்செல்வி. "உங்கப்பாவுக்கு சோம்பேறித்தனம், அவ்ளோதான். ராஜா மாதிரி உக்காந்து ஆத்த வேடிக்கை பாத்தாரு. அவர் வாழ்க்கைல அந்தப் பத்து நாள் மாதிரி உக்காந்ததே இல்ல."

"நெஜமா?"

"நெஜமா. போயி மொகத்தக் கழுவு."

பூஜா மூச்சை விட்டுக்கொண்டு அவள் தோளில் சாய்ந்தாள். மகளின் தலையைத் தடவியபடியே, தலையணை சரியாக மூடியிருக்கிறதா என்று அன்புச்செல்வி பார்த்துக்கொண்டாள். பிறகு நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விபூதியோடு கூடத்துக்குப் போனாள்.

அதன் பிறகு தனம் இன்னும் மூன்று முறை சைக்கிளைச் சொல்லி அழுதாள். அன்புச்செல்வி எதிர்ப்பேச்சு பேசவில்லை. அண்ணி வாயடைத்துப் போனதைக் கண்டு தனத்துக்கே ஒரு மாதிரி ஆகி, ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

இரண்டரைக்கு எடுத்தார்கள். தெருமுனை வரைக்கும் தோளில். அங்கே பாடையை ஒருமுறை இறக்கி, தலையையும் காலையும் திசை மாற்றி, ஊர்தியில் ஏற்றுவது வழக்கம். பெண்கள் அதோடு நின்றுவிட வேண்டும். தெரு முடிகிற இடத்தில் கிரிவலப் பாதை. வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் சிலர் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். பாடையை இறக்கினார்கள், திருப்பினார்கள். மேளம் நின்றது.

"தூக்குங்க, தூக்குங்க! போலீசு கயிறு கட்டறான் பாரு," என்றான் மூர்த்தி.

"இருங்க தம்பி," என்றாள் அன்புச்செல்வி.

"டயம் ஆவுதுக்கா."

"ஆவட்டும். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவட்டும்."

தூக்கக் குனிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். அவசரத்துக்குப் பேர்போன டீச்சர் சொல்கிற சொல்லா இது என்று மூர்த்திக்குப் புரியவில்லை. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், மலையைப் பார்த்தான்.

பாதையோரத்தில், நடக்கிறவர்கள் இளைப்பாறுவதற்குப் போட்ட சிமெண்டு பெஞ்சு ஒன்று காலியாக இருந்தது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த அன்புச்செல்வி போய் அதன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளைத் தாங்கிக்கொள்ள தனம் ஓடிவந்து பக்கத்தில் உட்காரப் போனாள்.

அன்புச்செல்வி தோளில் கிடந்த நீலப் பையைக் கழற்றி, அந்த இடத்தில் வைத்தாள்.