இரைச்சலின் மறைவில்

நாகவல்லிக்குப் படிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு, எண்பத்தாறாம் ஆண்டு மண்ணூர்பேட்டையில் ஒருவர் சொன்ன விடை மற்றவர் சொன்னதோடு பொருந்தவில்லை. ஓட்டுப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேதமுத்து, தெரியாது என்றார். அவளுடைய அப்பன் செங்கல்வராயன், தெரிந்தால் என்ன தெரியாவிட்டால் என்ன என்றான். நாகவல்லியோ, யார் கேட்டாலும் தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினாள். இவர்களில் யாரை நம்புவது என்று முடிவுசெய்ய வேண்டியவள் தாய் கன்னியம்மா. அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

நாகவல்லிக்குப் பேச்சு திக்கும். சொல்லின் முதல் ஒலி உதடுவரை வந்து அங்கேயே நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் நீர் கோக்கும். எதிரில் நிற்பவர்கள் பொறுக்கமாட்டாமல் அந்தச் சொல்லைத் தாங்களே முடித்துவைப்பார்கள், பெரும்பாலும் தவறாக. புளி வாங்கப் போனவள் புண்ணாக்கோடு திரும்பிய கதை தெரு முழுக்கப் பிரசித்தம்.

ஆனால் வகுப்பே சேர்ந்து பாடத்தை உரக்கப் படிக்கும்போது மட்டும் அவள் குரல் மற்றக் குரல்களோடு தடையில்லாமல் ஓடியது. வேதமுத்து வாத்தியார் அதைக் கவனிக்கத்தான் செய்தார். கவனித்ததிலிருந்து அவர் வந்தடைந்த முடிவுதான் பிசகியது.

"கும்பல்ல கோவிந்தா போடறியா? எழுந்து தனியாப் படி. எல்லாரும் வாய மூடுங்க, நாகவல்லி படிக்கப் போறா."

வகுப்பு அடங்கும். அவள் எழுந்து நிற்பாள். அத்தனை பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்க்கும். ஒன்றும் வராது. சிலேட்டில் அவள் சரியாக எழுதிக் காட்டிய நாள்களும் உண்டு. பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து எழுதியிருப்பாள் என்று அவர் எண்ணினார். வாயில் வராதது கையில் எப்படி வரும்? அவர் கொடியவரல்ல. படிப்பென்பது காதில் விழவேண்டிய ஒன்று என்று அவருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

தொழிற்சாலைகள் நிறைந்த எஸ்டேட்டில் லாரிக்குச் சரக்கேற்றும் செங்கல்வராயன், ஒருநாள் அந்த வழியாகப் போனபோது சன்னலில் எட்டிப் பார்த்தான். மகள் பெஞ்சின்மேல் நின்றுகொண்டிருந்தாள். கீழே பிள்ளைகள் "பப்பப்பா, பப்பப்பா" என்று தாளம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் நேரே உள்ளே போய் அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இறக்கினான்.

"சார், இவள நான் இட்டுகினு போறேன். அழுதுகினே படிச்சி ஒண்ணியும் ஆவ வேணாம்."

"படிப்பு வேணாமாப்பா பொண்ணுக்கு?"

"நான் எந்த இஸ்கோலுக்குப் போனேன்? லாரி நம்பரப் பாத்தா போதும், ஓனரு பேரு, ஊடு, அவன் யாருக்குத் துட்டு பாக்கி வெச்சிகீறான், எல்லாம் சொல்லுவேன். அந்த மாரி இவளும் கத்துப்பா."

இப்படித்தான் நாகவல்லி பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள்.

அதற்குப்பின் வந்த ஓராண்டு, யாரும் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காத ஆண்டு. கன்னியம்மா எஸ்டேட்டில் ஒரு கேன்டீனைப் பெருக்கித் துடைத்துவிட்டு மதியம் வீடு திரும்பும்போது, மகள் மளிகைக்கடைப் பொட்டலக் காகிதங்களைப் பிரித்துத் தொடையில் வைத்து நீவிக்கொண்டிருப்பாள். பருப்பும் மிளகும் வந்த காகிதங்கள். ரேஷன் கடைப் பலகை, தேர்தல் சமயத்துச் சுவர்கள், பூந்தமல்லி பஸ்ஸின் நெற்றி என்று எதன்முன் நின்றாலும் அவள் உதடுகள் மெல்ல அசையும். ஒருநாள் கையளவு கிழிசல் காகிதம் ஒன்றைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாடி சிரிக்கிற? காத்து கீத்து அடிச்சிட்ச்சா?"

"கு... கு..." என்று தொடங்கியவள் முடியாமல் எழுந்து, வயிற்றை முன்தள்ளி, பருத்த மனிதன் ஒருவன் நாற்காலியில் உட்கார்வதாகவும் அது முறிந்து அவன் கால் மேலே போவதாகவும் நடித்துக் காட்டினாள். கன்னியம்மாவும் சிரித்துவிட்டாள். பிறகு சந்தேகம் வந்து காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். படம் எதுவும் இல்லை. பொடி எழுத்துகள் மட்டுமே இருந்தன. அன்றுதான் அவள் மகளை நம்பினாள்.

நம்பிக்கை வந்தபின் ஆசையும் வந்தது. மாலையில் கன்னியம்மா பம்ப் ஸ்டவ்வை அடித்துப் பற்றவைப்பாள். அந்த ஒற்றை அறையில் அதன் இரைச்சல் நிறைந்துவிடும். நாகவல்லி தாயின் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, ஏதோ வாரப் பத்திரிகையிலிருந்து கிழிந்து வந்த சமையல் குறிப்பு ஒன்றை அவள் காதருகே துண்டுதுண்டாகச் சொல்லுவாள். கன்னியம்மா திருப்பிச் சொல்லுவாள். நாளடைவில் அது அவளுக்கு மனப்பாடமாகிவிட, இருவரும் சேர்ந்தே சொல்லத் தொடங்கினார்கள்.

"வாழைப்பூவை நரம்பு நீக்கி, பொடியாக நறுக்கி, மோரில் போட்டு வைக்கவும். கடலைப்பருப்பைக் கரகரப்பாக அரைத்துக்கொள்ளவும். பொன்னிறமாகப் பொரித்தெடுத்துச் சூடாகப் பரிமாறவும்."

"பரிமாறவுமாமே! எண்ணெய்க்கே பேஜாரா கீது, இதுல பொன்னெறம் வேற," என்பாள் கன்னியம்மா. நாகவல்லி சிரிப்பாள். அவள் ஓரிடத்திலும் திக்கவில்லை என்பதைத் தாய் கவனித்தாள். ஏன் திக்கவில்லை என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

மே மாதக் கடைசியில் அவள் புருஷனிடம் பேச்செடுத்தாள். "ஒரு தபா பெரிய டீச்சராண்ட இட்டுகினு போலாம்யா. அவ நல்லாப் படிக்கிறா."

செங்கல்வராயன் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான். "அவ வயசுப் புள்ளைங்க கூட நாலாப்புல சேத்துக்கினா சரி. இல்லாங்காட்டி வேம்புலி கூட ரப்பர் கம்பெனிக்கு அனுப்பிடு. ஊட்லயே குந்திகினு இருந்தா பொண்ணு ஊமையாவே பூடும்." வேம்புலியம்மாள் அவன் தங்கை. ரப்பர் வாஷர்களின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைப் பிளேடால் சீவும் வேலையில் இருந்தாள்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் மூவரும் போனார்கள். தலைமையாசிரியை ஜெயசீலி இரக்கமுள்ளவர். பெண்ணைப் பக்கத்தில் அழைத்துத் தலையைத் தடவினார். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கூரை அதிரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கன்னியம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சமையல் குறிப்புக் காகிதத்தை விரித்து இருவரும் சேர்ந்து சொல்லத் தொடங்கினார்கள். வாழைப்பூ நறுக்கப்பட்டது, பருப்பு அரைக்கப்பட்டது, பொன்னிறமாகப் பொரித்தெடுத்துப் பரிமாறியும் ஆயிற்று. ஜெயசீலி டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எனக்கே பசிக்குதும்மா. ஆனா நீயும்தான் கூடவே சொன்ன. உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"நான் எங்க டீச்சர் படிச்சேன்? எனக்குக் கைநாட்டுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது எங்கே போய் முடியுமென்று கன்னியம்மாவுக்கு உறைத்தது. எழுத்தறியாத அவளே பிழையில்லாமல் சொன்னதைப் பெண் சொன்னதில் எதை நிரூபிக்க முடியும்? ஜெயசீலி டீச்சர் அதை வாய்திறந்து சொல்லவில்லை. மேசையிலிருந்த மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து நாகவல்லியின் கையில் கொடுத்தார்.

"இத நீ மட்டும் படி கண்ணு."

நாகவல்லி பக்கத்தைப் பார்த்தாள். பக்கத்து அறையில் ஏழாம் வாய்ப்பாடு உச்சத்தில் இருந்தது. அவள் உதடு பிரிந்தது. "ஏரியில் நீர் நிறைந்ததும் பறவைகள்..." தணிந்த குரல்தான், ஆனால் நடந்து பழகிய தெருவில் போவதுபோல் போயிற்று.

ஜெயசீலி டீச்சர் காதை நீட்டினார். "இரு இரு. இந்தச் சத்தத்துல பாவம் குழந்தை குரல் கேக்கவே இல்ல." ஆயாவை அழைத்தார். "பக்கத்து கிளாஸ்ல கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு."

வாய்ப்பாடு பாதியில் நின்றது. பள்ளிக்கூடம் முழுவதும் அடங்கிப்போக, எங்கோ குழாயடியில் குடம் ஒன்று நிரம்பும் ஒலி மட்டும் கேட்டது.

"இப்ப படிம்மா. நிதானமாப் படி. அவசரமே இல்ல."

"ப... ப..."

டீச்சர் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார், அவர் இடத்தில் வேறொருவர் அத்தனை நேரம் காத்திருக்கமாட்டார். அந்தப் பொறுமை நீள நீளப் பெண்ணின் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அவர் ஒரு சுண்ணக்கட்டியை நீட்டி, ஏதேனும் எழுதச் சொன்னார். ஓராண்டாக எழுதுகோலையே தொடாத நாகவல்லி அதை வாங்கவில்லை. அவள் கண்ணீர் புத்தகத்தின்மேல் விழுந்தது. புத்தகம் நனைகிறதே என்று முந்தானையால் துடைத்தாள் கன்னியம்மா.

"ஒண்ணாங்கிளாஸ்ல சேர்த்துக்கிறேம்மா. அடியிலிருந்து வரட்டும்."

வாசற்படியில் நின்றிருந்த செங்கல்வராயன், "பத்து வயசுப் பொண்ண ஒண்ணாப்புலயா டீச்சர்?" என்றான். அதட்டலாக அல்ல, கெஞ்சலாக. நாகவல்லி அதற்குள் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு வரும்வரை கன்னியம்மா ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தாள். "நல்லாத்தானடி சொல்லிகினு இருந்த, பறவைன்னு கூட வந்துச்சே? இன்னாத்துக்கு நிறுத்தின?" மகள் தெருச் சுவர்களைக்கூடப் பார்க்காமல் நடந்தாள். மறுநாளிலிருந்து அவள் வேம்புலியம்மாளோடு ரப்பர் கம்பெனிக்குப் போனாள். பொட்டலக் காகிதங்கள் ஸ்டவ்வைத் துடைக்கப் பயன்பட்டன.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கன்னியம்மா முதன்முறையாக அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாள். தகரக் கொட்டகை. ஒரு பக்கம் பிரஸ் மிஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் கத்தவேண்டும். மறுபக்கம் தரையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தலைகுனிந்து பிசிறு சீவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் நாகவல்லி பழைய செய்தித்தாள் ஒன்றை முழங்காலில் விரித்து வைத்திருந்தாள்.

அவள் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸைத் தவறவிட்ட மணமகன், பால் வண்டியில் ஏறி, முகூர்த்தம் முடியும் நேரத்தில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்..."

"பொண்ணு ஓடிப் போயிருப்பாளே!" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஏய், சும்மா இருமே! அவ படிக்கட்டும்," என்று வேம்புலியம்மாள் திருப்பிக் கத்தினாள். பிறகு கன்னியம்மாவைப் பார்த்து, "வா அண்ணி! டெய்லி உம் பொண்ணுதான் எங்களுக்கு ரேடியோ," என்றாள்.

கன்னியம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். பஸ், பால், பந்தல், பாட்டி என்று அவள் பெண்ணை இத்தனை காலமும் மறித்த ஒலி ஒவ்வொன்றும் அந்த வாயிலிருந்து தானாகப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"பெண்ணின் தந்தை கோபத்துடன்..."

கரண்ட் போயிற்று. மிஷின்கள் முனகி ஓய்ந்தன. கொட்டகைக்குள் சட்டென்று அமைதி இறங்கியது. தகரத்தில் விழுந்த தூறல்கூட அப்போது விட்டிருந்தது.

"ப... ப... ப..."

கன்னியம்மாவுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஸ்டவ்வின் இரைச்சல். வகுப்பின் கூட்டுக்குரல். ஏழாம் வாய்ப்பாடு. தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில்தான் அவள் பெண்ணுக்குக் குரல் வந்தது. அவளிடம் அன்பு காட்டியவர்கள், அவளுக்காக உலகத்தையே வாய்மூடச் சொன்னவர்கள், ஒவ்வொரு முறையும் அதைத்தான் பறித்தார்கள்.

அவள் தூக்கின் மூடியைக் கழற்றினாள். பக்கத்தில் கிடந்த இரும்புப் பீப்பாயில் ஓங்கி அடித்தாள். மறுபடி, மறுபடி அடித்தாள்.

"இன்னா அண்ணி, கச்சேரியா?" பெண்கள் சிரித்தார்கள்.

"படிடி! நான் அடிக்கிறேன், நீ படி!" பிறகு வேம்புலியம்மாளைப் பார்த்து, "இவளுக்குப் படிக்கத் தெரியும்டி. சத்தம் இருந்தா படிப்பா!" என்றாள்.

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? மிஷினத் தூக்கிகினு போய் இஸ்கோல்ல வெக்கச் சொல்றியா?"

நாகவல்லி எழுந்து வந்து தாயின் மணிக்கட்டைப் பிடித்தாள். அடி நின்றது. பெண்ணின் விரல்நுனிகளில் பிளேடு கிழித்த கீறல்கள் கறுத்துக் காய்ந்திருந்தன.

கரண்ட் திரும்பி வந்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக உறுமி எழுந்து மறுபடி தடதடக்கத் தொடங்கின. கன்னியம்மா மகளின் காதருகே குனிந்து கத்தினாள்.

"வாடி, இப்பவே டீச்சராண்ட போலாம். நான் சொல்றேன் அவங்களாண்ட!"

நாகவல்லி செய்தித்தாளை நான்காக மடித்துக் கூடையின் அடியில் செருகினாள். பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டு தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாம்மா. போனா மறுபடியும் எல்லாரையும் வாய மூடச் சொல்லுவாங்க. பிசிறு நெறய கீது, நீ ஊட்டுக்குப் போ."

ஓரிடத்திலும் திக்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து கன்னியம்மா கேட்கக் காத்திருந்த முழுப் பேச்சு அதுதான்.