கிஷாந்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

தன்னுடைய புள்ளக்காம்பராவில் நாற்பது குழந்தைகள் செத்துப்போன விஷயத்தை மீனம்மா பேஸ்புக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

பொகவந்தலாவைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தான் புள்ளக்காம்பரா. மீனம்மா ஆயாவாகச் சேர்ந்தபோது அவர் தலையில் ஒரு நரை கிடையாது. இப்போது கறுப்பு முடியைத்தான் தேட வேண்டும். இத்தனை காலத்தில் அங்கே விழுந்து எழும்பிய பிள்ளைகள் உண்டு, மண்ணைத் தின்ற பிள்ளைகள் உண்டு, ஒன்றையொன்று கடித்துவைத்த பிள்ளைகள் ஏராளம். செத்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

வீடியோவில் இருந்தவன் கிஷாந்த். அதே தோட்டத்து வேலாயியின் மகன். ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். போனைத் திருத்தி அவனுக்குக் கிடைக்காத மரியாதை, பேயைப் பிடித்தபோது கிடைத்தது. இப்போது அவன் ‘மலைநாட்டு மர்மப் பொக்கிஷங்கள்’ என்ற பக்கத்தின் ஸ்தாபகர், ஆய்வாளர், விற்பனையாளர். கறுப்புச் சட்டை, பழைய துரைமாரின் தொப்பி, முகத்துக்குப் பின்னால் சாம்பிராணிப் புகை. ஒரு நசுங்கிய தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து, நஞ்சு வைக்கப்பட்ட துரை கடைசியாகக் குடித்தது என்பான். ஒரு கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிப் பிடித்து, மூன்று கொலை பார்த்தது என்பான். பாவம், அந்தக் கத்தி தேயிலைச் செடியைத் தவிர எதையும் வெட்டியதில்லை. கொழும்பு மாடிவீடுகளிலும் ரொறன்ரோ நிலவறைகளிலும் இருந்து ஆட்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஏசியைப் போட்டுக்கொண்டு பயப்படுவதற்கு.

பேய் இருந்த கோப்பைக்கு இவ்வளவு கிராக்கி. ஆள் இருக்கிற லயத்து வீட்டுக் கூரையின் ஓட்டைத் தகரத்தை மாற்றித்தர அந்தப் போட்டியில் ஒருவரும் கை தூக்கவில்லை.

இந்த முறை அவன் விற்பனைக்கு வைத்தது புள்ளக்காம்பராவின் மரக்குதிரை. எந்தக் காலத்திலோ துரை பங்களாவிலிருந்து கழித்துவிட்டது. பல் முளைக்கிற பிள்ளைகளெல்லாம் கடித்துக் கடித்து அதன் ஒரு காது பாதியாகியிருந்தது. புள்ளக்காம்பராவுக்கு பிளாஸ்டிக் சறுக்கு வந்தபோது, கிஷாந்த் தேடிவந்து, நான் ஏறி விளையாடிய குதிரை, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டான். மீனம்மா அதைத் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி, சாக்கில் சுற்றிக் கொடுத்தார். தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தார்.

வீடியோவில் அதே எண்ணெய் மினுமினுப்பு ‘ஆவியின் வியர்வை’ ஆகியிருந்தது. காதில் இருந்த பல் அடையாளங்கள், பட்டினி கிடந்த சிசுக்களின் கடைசிக் கடி. பெற்ற பிள்ளைகளை வீசிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மாரின் பாவம் அந்த மரத்தில் ஊறியிருக்கிறதாம். ஏறியவர்கள் ஒருவரும் தப்பவில்லை, நாற்பது பேரும் மாண்டார்கள் என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அந்த ஆயாவின் பெயரைச் சொல்ல நாக்குக் கூசுகிறது என்று சொல்லிவிட்டு, தோட்டத்தின் பெயரைச் சொன்னான். அவள் இன்றும் அங்கேதான் பிள்ளை பார்க்கிறாள் என்று முடித்தான். கீழே அழுகிற பொம்மைமுகங்கள் வரிசையாக விழுந்திருந்தன. நடுநடுவே, விலை என்ன.

மறுநாள் காலையில் ஜீவராணி கைக்குழந்தையோடு புள்ளக்காம்பரா வாசல் வரை வந்தாள். உள்ளே வரவில்லை. இன்றைக்குப் பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்வார் என்றாள். மாமியார் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய் வருஷக்கணக்காகிறது என்பது இருவருக்கும் தெரியும். ஜீவராணி மலைக்குத்தான் போனாள். அட்டை ஊரும் தேயிலைக்கு அடியில் சாக்கை விரித்துப் பிள்ளையைக் கிடத்திவிட்டுக் கொழுந்து பறித்தாள். அந்த வாரம் முடிவதற்குள் மற்றத் தாய்மாருக்கும் எங்கெங்கோ இருந்து மாமியார்கள் முளைத்தார்கள். தொட்டில்கள் வெறுமையாகத் தொங்கின.

பிறகு நலன்புரி அதிகாரி குகநேசன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நாகரிகமான மனிதர், கோப்பு இல்லாமல் நடமாடாதவர். பிள்ளைகள் வராத நிலையத்தை மூடுவதைத் தவிர வழியில்லை என்று வருத்தத்தோடு விளக்கினார்.

“நான் நம்பேல்லை அம்மா. ஆனா இவ்வளவு சனம் பாத்த விசயத்தை, பொய்யெண்டு நான் எப்பிடி எழுதுறது?”

போகிற போக்கில் குரலைத் தாழ்த்தி, அந்தக் குதிரை இரவில் உண்மையாகவே ஆடுமோ என்றும் கேட்டார்.

மீனம்மா கிஷாந்துக்குப் போன் எடுத்தார். அவன் எடுக்கவில்லை. வேலை முடிந்து வந்த ஜீவராணியை நிறுத்தி, அவள் போனிலிருந்து அவன் பக்கத்தில், இது பொய், ஒரு பிள்ளையும் சாகவில்லை என்று எழுதச் செய்தார். உண்மையை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று பதில்கள் குவிந்தன. குதிரையின் விலை ஏறியது.

அன்று மாலை மீனம்மா வேலாயியின் லயத்துக்குப் போனார். வேலாயி ஏற்கெனவே வீடியோவைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“பத்து மணிக்குக் கூடையைப் போட்டுட்டு ஓடியாந்து பால் குடுத்தேன் அக்கா. வேலை வாங்குற கண்டாக்கையா ஏசுனாலும் ஓடியாந்தேன். நான் குடுத்த பால்லதான் அவனுக்கு அந்த வாயே வந்திச்சு. இப்ப பட்டினி போட்டேங்கிறான்.”

“அந்தக் குதிரையில ஏறுனவன் எல்லாம் செத்துட்டான்னு சொல்றான்ல. அவன் ஏறுனானா இல்லையா?”

“ஏறுனான். எறக்கவே முடியாது.”

“அப்ப அவன் போட்டோ ஒண்ணு குடு.”

வேலாயிக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் பதறினாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அப்படிச் செய்யலாமா என்று அழுதாள். பிறகு எழும்பி மாரியம்மன் கோயிலுக்குப் போய், மகன் பெயரில் அர்ச்சனை செய்து, எலுமிச்சம்பழம் வெட்டி, தோஷம் கழித்துவிட்டு வந்தாள். வந்து, தொப்பி போட்ட படமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

ஹட்டனில் பேனர் அடிக்கிறவர் எப்போது மரணம் என்று விசாரித்தார். வீடியோ போட்ட நாளைச் சொன்னார் மீனம்மா.

வெள்ளிக்கிழமை பொகவந்தலாவை பஸ் நிலையத்துக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு, இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவில் கிஷாந்த் சிரித்துக்கொண்டு நின்றான். ‘கண்ணீர் அஞ்சலி. அமரர் கிஷாந்த், ஆய்வாளர். பால்யத்தில் சாபக் குதிரையில் ஏறியதன் காரணமாக அகால மரணமடைந்தார். தகவல்: அவரே.’

சனம் நின்று வாசித்தது. கடைசி வரியில் சிலர் சிரித்தார்கள், பலர் சிரிக்கவில்லை. கிஷாந்தின் கடைச் சொந்தக்காரர் அடுத்த மாத வாடகைக்கு யார் பொறுப்பு என்று போன் எடுத்தார். பெண் பார்த்து வைத்திருந்த வீட்டில் கல்யாணக் கதை நின்றது. யாரோ பேனரைப் படம் பிடித்து அவன் பக்கத்திலேயே போட, அதே அழுகிற பொம்மைமுகங்கள் அங்கேயும் வரிசையாக விழுந்தன. அவன் அதுவரை பாவித்த போன் விற்பனைக்கு உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அன்று மத்தியானமே கிஷாந்த் ஓட்டோ பிடித்துப் புள்ளக்காம்பராவுக்கு வந்தான். தொப்பி இல்லை. வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துப் பக்கமிருந்து ஜீவராணியும் வேலாயியும் மற்றத் தாய்மாரும் கூடைகளோடு வந்து வேலியோரம் நின்றார்கள்.

“என்னா ஆயா இது. உசுரோட இருக்கிறவனுக்கு இப்பிடி வைப்பாங்களா?”

“உசுரோடயா இருக்கிற? வீடியோவுல அப்பிடிச் சொல்லலியே.”

“அது கன்டென்ட் ஆயா. பழைய குதிரைன்னா வெறகு வெலைக்குக் கேப்பாங்க. புள்ள செத்துச்சுன்னாதான் காசு குடுக்கிறாங்க. நான் என்னா செய்ய?”

“செத்தது யாரு புள்ள? இந்தா நிக்கிறாளுக, இவளுக புள்ள. கொன்னது யாரு? நானு. உன் மூக்கைச் சீந்திவிட்ட கைடா இது.”

அவன் பேனரைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சினான். உயிரோடிருப்பதாக, பேஸ்புக்கில் எங்கே செத்தானோ அங்கேயே சொல்லட்டும், கழற்றுகிறேன் என்றார் மீனம்மா.

கிஷாந்த் அங்கேயே, வெறும் தொட்டில்களுக்கு முன்னால் நின்று நேரலை போட்டான். சாம்பிராணி இல்லை. நாற்பது பிள்ளைகளும் தன் கற்பனை என்றான். காதில் உள்ள கடிகளில் ஒன்று தன்னுடையது என்றான். வேலியோரத்தில் நின்ற வேலாயி தொண்டையைச் செருமினாள். தன் அம்மா பத்து மணிக்கு வந்து பால் கொடுத்தார் என்பதையும் சேர்த்துக்கொண்டான்.

குதிரைக்கு முற்பணம் கட்டியிருந்தவர் நுவரெலியாவில் பழைய பங்களாவை ஹோட்டலாக்கி நடத்துகிற கனவான். அவருக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. பேயே இல்லாத குதிரையைத் தன் தலையில் கட்டப் பார்த்தது பச்சை மோசடி என்றார். நாணயம் என்ற ஒன்று இந்த நாட்டில் அறவே செத்துவிட்டது என்று எழுதி, காசைத் திருப்பி வாங்கினார். செத்த பிள்ளைகள் நாற்பது பேரும் பிழைத்துக்கொண்டதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

திங்கட்கிழமை குதிரை அதே சாக்கில் திரும்பி வந்தது. அதற்கு முன்பே ஜீவராணி வந்திருந்தாள். பிள்ளையை மீனம்மாவின் கையில் கொடுத்தாள். பிள்ளையின் காலில் அட்டை கடித்த தழும்புகள் இருந்தன. மீனம்மா அவற்றைப் பார்த்தார். மாமியார் சுகமா என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து கிஷாந்த் தன் அம்மா மூலம் மீனம்மாவுக்கு ஒரு தகவல் சொல்லி அனுப்பினான். உயிரோடு இருப்பவனுக்கு அடித்த அஞ்சலிப் பேனராம், லண்டனில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறாராம்.

மீனம்மா அப்போது ஜீவராணியின் பிள்ளையைக் குதிரையில் பிடித்து வைத்திருந்தார். அது குனிந்து, மிச்சமிருந்த மற்றக் காதைக் கடித்துக்கொண்டிருந்தது.

“கூரை ஒழுகுதுன்னு மேல விரிச்சிருக்கேன்,” என்றார். “வேணும்னா தகரத்தோட வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு.”